கலைச்சொல் அகராதிகளும் சல்லடையும் – ஒரு வரலாற்றுப் பார்வை

அகராதி என்றதும் அதில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்பார்கள். அச்சு அகராதிகளின் அட்டையில் சொற்களின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பது பழைய வழக்கம். இணைய அகராதிகளும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. சொற்கள் கூடக் கூட அகராதியின் மதிப்பும் கூடும் என்பது பொதுவான எண்ணம்.

கலைச்சொல் அகராதிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கலைச்சொல் என்பது மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற ஒரு துறைக்குள் வரையறுக்கப்பட்ட பொருளில் வழங்கும் சொல் ஆகும். அதைத் தேடி வருபவருக்கு வேண்டியது ஒரே ஒரு சரியான விடை. பத்து விடைகளைக் கொட்டினால் அது உதவி ஆகாது.

ஆங்கிலத்தில் 'செல்' என்ற ஒரு சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். உயிரியல் மாணவருக்கு அது உயிரணு. மின்னியல் மாணவருக்கு மின்கலம். சிறைச்சாலையில் அது கைதியை அடைத்து வைக்கும் அறை. கணினியில் கணக்குப் போடும் விரிதாளில் அது ஒரு கட்டம். தெருவில் கேட்டால் கையில் இருக்கும் தொலைபேசி! இந்த ஐந்தையும் எந்தக் குறிப்பும் இல்லாமல் வரிசையாகக் கொடுக்கும் அகராதி, முடிவெடுக்கும் வேலையை அதைச் செய்ய முடியாதவரின் தலையிலேயே கட்டிவிடுகிறது. விடை தெரிந்திருந்தால் அவர் அகராதியைத் திறந்திருக்கவே மாட்டார் அல்லவா?

ஆகவே கலைச்சொல் அகராதிக்குச் சொற்களைச் சேர்ப்பது பாதி வேலைதான். சேர்த்ததைச் சலிப்பது மீதிப் பாதி. இந்த உண்மையை உலகம் கற்றுக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாறு ஒரு பெரிய தோல்வியிலிருந்து தொடங்குகிறது.

36 லட்சம் சீட்டுகள்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி தொழில்துறையில் வேகமாக முன்னேறிக் கொண்டிருந்தது. இயந்திரங்கள் நாடு விட்டு நாடு போயின. அவற்றுடன் விலைப்பட்டியல்களும், வரைபடங்களும், பயன்படுத்தும் முறைக் குறிப்புகளும் போயின. ஒரு திருகாணியின் பெயர் தவறாக மொழிபெயர்க்கப்பட்டால் தவறான சரக்கு கப்பலேறும் நிலை இருந்தது.

இதற்குத் தீர்வாக ஜெர்மன் பொறியாளர் சங்கம் 1901 இல் ஒரு மாபெரும் திட்டத்தைத் தொடங்கியது. ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் உள்ள எல்லாத் தொழில்நுட்பச் சொற்களையும் ஒரே அகராதியில் திரட்டுவது அதன் நோக்கம். அகராதிக்கு 'டெக்னோலெக்சிகான்' என்று பெயர் வைத்தார்கள். ஹூபர்ட் யான்சன் என்பவர் பதிப்பாசிரியராக நியமிக்கப்பட்டார். தொழிற்சாலைகளும் சங்கங்களும் தனி அறிஞர்களும் தங்களுக்குத் தெரிந்த சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள்.

சீட்டுகள் வந்து குவிந்தன. சுமார் 36 லட்சம் சீட்டுகள் சேர்ந்தன என்று கலைச்சொல்லியல் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. சேர்ப்பது என்ற அளவில் இது மாபெரும் வெற்றிதான். அதன் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒரே சொல் பல துறைகளிலிருந்து பல பொருளில் வந்திருந்தது. ஒரே பொருளுக்குப் பல ஊர்களிலிருந்து பல சொற்கள் வந்திருந்தன. திட்டமோ எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்குவது. அகர வரிசையில் அடுக்கினால் பற்சக்கரத்தின் உறுப்புகள் இருபத்தாறு எழுத்துகளுக்குள்ளும் சிதறிப் போகும். அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியே இல்லை.

இப்படியே வேலை செய்தால் முடிக்க நாற்பது ஆண்டுகள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. அதற்குள் பாதிச் சொற்கள் வழக்கொழிந்து போயிருக்கும்! 1907 இல் சங்கம் திட்டத்தைக் கைவிட்டது. 36 லட்சம் சீட்டுகளும் அகராதி ஆகவில்லை. உழைப்போ, பணமோ, ஆர்வமோ குறைந்ததால் இந்தத் தோல்வி வரவில்லை. சேர்க்கும்போதே சலிக்கும் வழியைப் பற்றி யோசிக்காததால் வந்தது.

படம் போட்ட அகராதி

அதே காலத்தில் ஆல்பிரெட் ஷ்லோமன் என்ற பொறியாளர் வேறு வழியில் போனார். அவருடைய 'படங்களுடன் கூடிய தொழில்நுட்ப அகராதிகள்' வரிசையின் முதல் தொகுதி 1906 இல் வெளிவந்தது. ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், இத்தாலியன், ஸ்பானிஷ் என ஆறு மொழிகள் அதில் இருந்தன.

ஷ்லோமன் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, எல்லாத் துறைகளையும் ஒரே நூலில் திணிக்காமல் ஒரு தொகுதிக்கு ஒரு துறை என்று பிரித்துக் கொண்டார். இரண்டு, துறைக்குள் அகர வரிசையை விட்டுவிட்டுப் பொருள் வரிசையைப் பின்பற்றினார். ஒரு திருகாணியின் படம் இருக்கும். அதன் பக்கத்தில் ஆறு மொழிப் பெயர்களும் இருக்கும். அடுத்து அந்தத் திருகாணியின் தலை, மரை என்று உறுப்புகள் வரிசையாக வரும். சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு நூலின் இறுதியில் அகர வரிசை அட்டவணை உண்டு.

இங்கே படம்தான் சல்லடை. படத்தில் உள்ள பொருளுக்குப் பொருந்தாத சொல் தானாகவே விழுந்துவிடும். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் இரண்டும் ஒரே படத்தின் கீழ் வந்து சேரும். டெக்னோலெக்சிகான் நின்று போன பிறகும் ஷ்லோமனின் தொகுதிகள் தொடர்ந்து வெளிவந்தன.

வீசல்பூர்க் தொழிலதிபர்

ஷ்லோமன் நடைமுறையில் செய்ததற்கு ஒரு கோட்பாட்டைக் கொடுத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆய்கன் வூஸ்டர் (1898–1977) ஆவார். இவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தொடங்கியவர் அல்ல. வீசல்பூர்க் என்ற சிற்றூரில் குடும்பத் தொழிற்சாலையை நடத்திய தொழிலதிபர். எஸ்பெராண்டோ மொழியில் ஈடுபாடு கொண்டவர். தொழில்நுட்பத்தில் மொழியைத் தரப்படுத்துவது பற்றி அவர் எழுதிய நூல் 1931 இல் வெளிவந்தது. அதன் தாக்கத்தால் 1936 இல் சர்வதேசத் தரப்படுத்தல் கூட்டமைப்பு கலைச்சொற்களுக்கென ஒரு குழுவை அமைத்தது. இன்றைய சர்வதேசத் தர நிறுவனத்தின் 37 ஆம் தொழில்நுட்பக் குழு அதன் வழிவந்ததே.

வூஸ்டர் சொன்னதன் சாரம் எளிமையானது. சாதாரண அகராதி சொல்லிலிருந்து தொடங்கிப் பொருளுக்குப் போகிறது. கலைச்சொல் அகராதி கருத்திலிருந்து தொடங்கிச் சொல்லுக்குப் போக வேண்டும். முதலில் கருத்தை வரையறுக்க வேண்டும். அதன் பிறகே அந்தக் கருத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் என்ன பெயர் என்று எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் 'கிரேன்' என்பது ஒரு பறவைக்கும் பெயர், பாரம் தூக்கும் இயந்திரத்துக்கும் பெயர். பிரெஞ்சிலும் 'குரூ' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். ஜெர்மனில் பறவை 'கிரானிஷ்', இயந்திரம் 'கிரான்'. தமிழில் ஒன்று கொக்கு, மற்றது பாரந்தூக்கி. சொல்லிலிருந்து தொடங்கும் அகராதியில் இவை ஒரே பதிவில் கலந்து கிடக்கும். கருத்திலிருந்து தொடங்கினால் இரண்டு தனிப் பதிவுகள். ஒன்று விலங்கியல், மற்றொன்று இயந்திரவியல். துறைமுக ஒப்பந்தத்தை மொழிபெயர்ப்பவர் முன்னால் கொக்கு வந்து நிற்காது!

பின்னாளில் கணினியில் அமைந்த கலைச்சொல் வங்கிகளில் பெரும்பாலானவை இந்த அடிப்படையின் மீதே கட்டப்பட்டன.

சீட்டுப் பெட்டியிலிருந்து கணினிக்கு

1960களில் மொழிபெயர்ப்பு வேலை மலை போல் குவிந்த இடங்கள் இரண்டு. ஒன்று கனடா, மற்றொன்று மேற்கு ஐரோப்பா.

கனடாவில் 1969 இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மத்திய அரசு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இயங்க வேண்டியிருந்தது. 1970 இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் ஒரு கலைச்சொல் வங்கி தொடங்கப்பட்டது. 1970களின் நடுவில் அதைக் கனடா அரசின் மொழிபெயர்ப்புத் துறை ஏற்றுக்கொண்டது. அதுவே 'டெர்மியம்' என்ற பெயரில் வளர்ந்தது. நீண்ட காலம் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் கிடைத்த அது, 2009 இல் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. டெர்மியத்தில் சொற்களுக்குப் பக்கத்தில் 'சரி', 'தவிர்க்க' போன்ற குறிப்புகள் உண்டு. தவிர்க்க வேண்டிய சொல்லையும் அகராதிக்குள் வைத்து, அது தவிர்க்க வேண்டியது என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் நிலக்கரி, எஃகு சமூகத்தின் லக்ஸம்பர்க் அலுவலகத்தில் 1960களிலேயே 'டிக்காட்டம்' என்ற கணினி அகராதி முயற்சி நடந்தது. அதுவும் பிரஸ்ஸல்ஸில் இருந்த இன்னொரு சொற்திரட்டும் சேர்ந்து 'யூரோடிக்காட்டம்' ஆயிற்று. ஐரோப்பிய ஆணையம் 1970களின் நடுவில் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. அப்போது ஆறு மொழிகள். 1981 இல் கிரேக்கம் சேர்ந்தது. 1986 இல் ஸ்பானிஷும் போர்ச்சுகீஸும் சேர்ந்தன. 1995 இல் பின்னிஷும் ஸ்வீடிஷும் சேர்ந்தன. 1990களில் இது இணையத்துக்கு வந்தபோது உலகெங்கும் உள்ள மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

ஐரோப்பாவில் ஒரு கலைச்சொல் பிழையானால் என்ன ஆகும்? அங்கே ஒரு சட்டம் எத்தனை மொழிகளில் வெளியாகிறதோ அத்தனையும் மூலச் சட்டமே. ஒன்று மூலம், மற்றவை மொழிபெயர்ப்பு என்ற பாகுபாடு கிடையாது. 1982 இல் 'சில்ஃபிட்' என்ற வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. எல்லா மொழி வடிவங்களும் சம அதிகாரம் கொண்டவை, எனவே பொருள் காணும்போது அவற்றை ஒப்பிட வேண்டும் என்றது. அந்த வழக்கின் பின்னணியில் இருந்த கேள்வி என்ன தெரியுமா? இறக்குமதியான கம்பளி 'விலங்குப் பொருள்' என்ற பட்டியலில் அடங்குமா, அடங்காதா என்பதே! ஒரு சொல்லின் எல்லை எது என்பதைப் பொறுத்து வணிகர்களின் பணம் நின்றது. அகராதியில் துறையும் வரையறையும் இல்லாத ஒரு பதிவு இப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை எளிதில் புரிந்து கொள்ளலாம்.

ஐந்து குளங்கள் ஒன்றான போது

ஐரோப்பாவில் சொற்களைச் சேர்த்தது ஆணையம் மட்டுமல்ல. அமைச்சரவை மன்றம், நாடாளுமன்றம், கணக்குத் தணிக்கை மன்றம், மொழிபெயர்ப்பு மையம் என ஒவ்வொன்றும் தனித்தனிச் சொற்திரட்டு வைத்திருந்தது. ஒரே சட்ட வரைவு இந்த அலுவலகங்களைக் கடந்து போகும்போது ஒவ்வோர் இடத்திலும் அதே சொல்லைத் தேடி, அதே பதிவைத் திரும்ப எழுதினார்கள்.

இதை முடிவுக்குக் கொண்டுவர 1999 இல் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. ஐ.ஏ.டி.ஈ. என்ற நான்கு எழுத்துகளால் அறியப்படும் கலைச்சொல் வங்கி அதுவே. 2004 இல் அலுவலகங்களுக்கு உள்ளேயும், 2007 இல் பொதுமக்களுக்கும் அது திறக்கப்பட்டது. யூரோடிக்காட்டம் உட்படப் பழைய திரட்டுகள் எல்லாம் அதற்குள் கொட்டப்பட்டன. பொதுமக்களுக்குத் திறந்தபோது 23 மொழிகளில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. 2013 இல் குரோஷியன் சேர்ந்து 24 ஆட்சிமொழிகள் ஆயின. உயிரினப் பெயர்களுக்காக லத்தீனும் உண்டு.

ஐந்து குளத்துத் தண்ணீரையும் ஒரே ஏரியில் விட்டால் தண்ணீர் பெருகும், சேறும் பெருகும். அதுதான் நடந்தது. ஒரே கருத்துக்கு நான்கைந்து பதிவுகள் வந்தன. வரையறை இல்லாத பதிவுகள், இரண்டே மொழிகள் கொண்ட பதிவுகள், ஆதாரம் காட்டாத பதிவுகள், எப்போதோ வழக்கொழிந்த சொற்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. 1907 இல் பெர்லினில் எழுந்த அதே கேள்வி நூறாண்டு கழித்துக் கணினித் திரையில் வந்து நின்றது. ஆனால் இந்த முறை திட்டம் நின்று போகவில்லை. காரணம், பதிவின் அமைப்புக்குள்ளேயே சல்லடை பின்னப்பட்டிருந்தது.

சல்லடையின் கண்கள்

ஐ.ஏ.டி.ஈ. பதிவு மூன்று அடுக்குகள் கொண்டது. மேல் அடுக்கு கருத்து. எந்தத் துறை என்பது இங்கே குறிக்கப்படும். நடு அடுக்கு மொழி. வரையறை இங்கே வரும். கீழ் அடுக்கு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே ஆதாரமும் மதிப்பீடும் இங்கே இருக்கும்.

சலிப்பது இந்த அடுக்குகளின் வழியே நடக்கிறது. முக்கியமானவை இவை:

1. துறை. சட்டம், மீன்வளம், நிதி, சுற்றுச்சூழல் என்று துறையைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை விலகி நிற்கும்.

2. சொல் வகை. முழுச் சொல்லா, சுருக்கப் பெயரா, சொற்றொடரா, வாய்பாடா என்று பிரித்துப் பார்க்கலாம்.

3. நம்பகத்தன்மை. இது ஒன்று முதல் நான்கு வரையிலான மதிப்பு. தன் தாய்மொழி அல்லாத மொழியில் ஒருவர் சேர்த்த சொல் முதல் படியில் நிற்கும். தாய்மொழிக்காரர் சேர்த்தால் இரண்டாம் படி. கலைச்சொல் வல்லுநர் சரிபார்த்த பிறகே மூன்றாம் படி. துறை அறிஞர்கள் ஐயமின்றி ஏற்ற சொல்லுக்கு நான்காம் படி.

4. மதிப்பீடு. விரும்பத்தக்கது, ஏற்கத்தக்கது, தவிர்க்கத்தக்கது, வழக்கொழிந்தது போன்ற குறிப்புகள்.

5. முதன்மைப் பதிவு. ஒரே கருத்துக்குப் பல பதிவுகள் இருந்தால் அவற்றில் சிறந்ததற்கு முதன்மை என்ற அடையாளம்.

இவற்றில் மூன்றாவது மிகவும் சுவையானது. ஒரு சொல் சரியா தவறா என்று கணினியால் சொல்ல முடியாது. யார் எழுதினார், யார் பார்த்தார் என்று சொல்ல முடியும். அந்தச் சிறு தகவலையே சல்லடையாக மாற்றிவிட்டார்கள். ஒரு பதிவு யார் கையிலும் படாமல் நேரடியாக மேல் படிக்கு ஏற முடியாது.

2018 நவம்பரில் ஐ.ஏ.டி.ஈ.யின் புதிய வடிவம் வெளிவந்தது. இப்படிப்பட்ட வடிகட்டிகளைத் தேடுபவர் தானே தேர்ந்தெடுத்துக் கொள்ள அதில் வசதி இருக்கிறது.

இரைச்சலும் மௌனமும்

தேடல் துறையில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. வேண்டாத விடைகள் வந்து குவிவதை 'இரைச்சல்' என்பார்கள். இருக்கும் விடை கிடைக்காமல் போவதை 'மௌனம்' என்பார்கள். சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கினால் இரைச்சல் கூடும். சிறிதாக்கினால் மௌனம் கூடும். இரண்டும் ஒருசேர இல்லாமல் போகும் சல்லடை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற பழைய மொழிகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் பதிவுகள் சேர்ந்திருந்தன. 2004 இல் வந்த மால்டீஸ், எஸ்டோனியன் போன்ற மொழிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூன்றாம் படிக்கு மேல் உள்ளவை மட்டும் போதும் என்று வடிகட்டினால் பெரிய மொழிக்காரருக்கு நல்ல விடை கிடைக்கும். சிறிய மொழிக்காரருக்கு வெற்றுத் திரைதான் கிடைக்கும். ஒரே அளவுள்ள கண் எல்லாத் தானியத்துக்கும் பொருந்தாது.

இரைச்சல் தாங்காமல் பழைய பதிவுகளை அடியோடு அழித்துவிடலாமே என்று தோன்றலாம். அதில் உள்ள ஆபத்துக்கு மருத்துவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். இன்று 'டவுன் நோய்க்குறி' என்று அழைக்கப்படும் நிலைக்கு முன்பு 'மங்கோலிசம்' என்று பெயர் இருந்தது. ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் அந்தப் பெயரை எதிர்த்து அறிவியலாளர்கள் 1961 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். மங்கோலியா கேட்டுக்கொண்டதை அடுத்து 1965 இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது.

இப்போது ஒரு கலைச்சொல் வங்கி அந்தப் பழைய சொல்லை என்ன செய்ய வேண்டும்? குறிப்பு எதுவும் இல்லாமல் வைத்திருந்தால், விவரம் தெரியாத மொழிபெயர்ப்பாளர் அதை இன்றைய மருத்துவக் கையேட்டில் எழுதிவிடுவார். ஒரு குழந்தையின் பெற்றோர் அதைப் படிக்க நேரும். அடியோடு அழித்துவிட்டாலோ, 1950களின் மருத்துவ அறிக்கையைப் படிப்பவர் அந்தச் சொல்லைத் தேடும்போது எதுவும் கிடைக்காது. அது எந்த நிலையைக் குறித்தது என்றே அவருக்குத் தெரியாமல் போகும். சரியான வழி மூன்றாவது: சொல்லை வைத்திருந்து, 'வழக்கொழிந்தது, தவிர்க்க' என்று எழுதி, இன்றைய சொல்லுக்கு வழிகாட்டுவது. பழைய வாசலில் வந்து தட்டுபவரைப் புதிய வீட்டுக்கு அனுப்பி வைக்கும் வேலை இது.

தமிழின் நிலை

பொருள் வரிசை என்பது தமிழுக்குப் புதியதல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு ஆகியவை அகர வரிசையில் அமைந்தவை அல்ல. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று துறை துறையாகத் தொகுக்கப்பட்டவை. ஒரு பொருளைச் சொல்லி அதற்குரிய பல பெயர்களைக் கீழே அடுக்குபவை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் இடங்களுக்குத் தனித் தொகுதியே ஒதுக்கினார்கள். ஐரோப்பியர் 20 ஆம் நூற்றாண்டில் கோட்பாடாக எழுதியதற்கு நெருங்கிய ஒன்றைத் தமிழ் நிகண்டுகள் மனப்பாடச் செய்யுளில் செய்து வைத்திருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) போன்றவற்றுக்குப் பிறகு அகர வரிசை பரவியது. நிகண்டு முறை மெல்ல மறைந்தது.

தற்காலக் கலைச்சொல் முயற்சிகள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தன. 1916 இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம் அமைத்தனர். 1934 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்க வேலையில் இறங்கியது. 1938 இல் சுமார் 10,000 சொற்கள் கொண்ட 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது. இலங்கையில் 1950களிலிருந்து அரசே துறைவாரியாகச் சொற்தொகுதிகளை வெளியிட்டது. பின்னர் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) துறைவாரிக் கலைச்சொற்களை இணையத்தில் தேடும்படி வெளியிட்டது. தமிழ் விக்சனரி 2004 இல் தொடங்கியது.

சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. இயற்பியல் என்றும் பௌதிகவியல் என்றும் சொல்கிறார்கள். வேதியியல், இரசாயனவியல் இரண்டும் உண்டு. கணினி, கணிப்பொறி, கணனி மூன்றும் உண்டு. இவை எவையும் பிழை அல்ல. இயற்பியல் தமிழ்நாட்டுப் பாடநூல் சொல். பௌதிகவியல் இலங்கைப் பாடநூல் சொல். யாழ்ப்பாணத்து மாணவருக்குத் தேர்வில் வேண்டியது ஒன்று, மதுரை மாணவருக்கு வேண்டியது மற்றொன்று. இரண்டையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதிவிட்டால் இருவருக்கும் உதவி இல்லை. எது எந்த நாட்டு வழக்கு, எந்த ஆண்டில் எந்த நூலில் வந்தது, எந்தத் துறைக்கு உரியது என்ற மூன்று குறிப்புகள் இருந்தால் இருவருக்கும் உதவும்.

பல அச்சுத் தொகுதிகளை ஒன்றாகத் திரட்டி இணையத்தில் ஏற்றும்போது முதலில் தொலைவது இந்தக் குறிப்புகள்தான். நூலின் அட்டையிலும் முன்னுரையிலும் இருந்த துறை, ஆண்டு, வெளியிட்டவர் பெயர் ஆகியவை ஒவ்வொரு சொல்லுடனும் கூட வருவதில்லை. சொல் மட்டும் தனியே வந்து நிற்கிறது. பிறகு அதைச் சலிக்க நினைத்தாலும் பிடிக்க ஒரு கயிறு இருக்காது. அழகில்லை என்றோ, வடமொழி என்றோ, 'நம் ஊரில் இப்படிச் சொல்வதில்லை' என்றோ சொந்த விருப்பப்படி நீக்கும் ஆபத்தும் இங்கேதான் வருகிறது. பௌதிகவியலை நீக்கினால் ஒரு நாட்டு மாணவர்களின் பாடநூலையே அகராதியிலிருந்து நீக்கியதாகிவிடும். பழைய 'ஊனமுற்றோர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'இப்போது மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதுவது வேறு. பழைய சொல்லே இல்லாதது போல் அழிப்பது வேறு. பழைய அரசாணைகளைப் படிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

முடிவாக

1901 இல் சீட்டு எழுதி அனுப்பியவர்களுக்கும், இன்று கணினியில் சொல் சேர்ப்பவர்களுக்கும் ஆர்வத்தில் வேறுபாடு இல்லை. டெக்னோலெக்சிகான் சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு சலிக்க முயன்றது, தோற்றது. ஷ்லோமன் சலித்துக்கொண்டே சேர்த்தார், வென்றார். ஐ.ஏ.டி.ஈ. சேறு கலந்த ஏரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறிப்புச் சீட்டு கட்டும் வேலையை இன்னும் செய்து கொண்டிருக்கிறது.

இந்த வரலாறு சொல்லும் பாடம் எளிதானது. வீட்டில் அரிசி சலிக்கும்போது குருணையை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும். கஞ்சிக்கு ஆகும், உப்புமாவுக்கு ஆகும். கலைச்சொல் அகராதியில் சலிப்பது என்பதும் எறிவதல்ல. எது எதற்கு ஆகும் என்று பிரித்து, அதனதன் பாத்திரத்தில் போட்டு, மேலே பெயர் எழுதி வைப்பதுதான். துறை, ஆதாரம், நாடு, ஆண்டு ஆகிய நான்கையும் சொல்லைச் சேர்க்கும் அன்றைக்கே எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். எழுதாமல் விட்டதைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகளும் போதாமல் போகலாம்!